தேடினால் முதலில் வரும் பக்கம்

சலவைக்கடையில் எல்லோருக்கும் அவர் கறை அக்கா. முதலாளி அவரைவிட நாலு வயது மூத்தவர், அவருக்கும் அக்காதான். துணி வாங்கும் மேஜையில் இருப்பவர் ஒரு சட்டையை விரித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தால், அடுத்து வாயில் வருவது "அக்காகிட்ட போகட்டும்" என்பதுதான். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான் துணிகள் உள்ளே போகின்றன. முக்கால்வாசி சுத்தமாகித் திரும்பும். மீதிக்கு அக்கா ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் குத்திவிடுவார்: "போகாது. இனி முயன்றால் துணி போய்விடும்." அவர் சீட்டு எழுதியபிறகு முதலாளியே வந்து கெஞ்சினாலும் மறுபேச்சு கிடையாது. அவ்வளவு வீம்பு. அந்த வீம்புதான் இந்தக் கதைக்கே காரணம் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவருடைய மேஜை கடையின் பின்பக்கம், ஜன்னலை ஒட்டி. கறையைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும், டியூப்லைட்டில் அது பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. மேஜைமேல் ஏழு பாட்டில்கள், மூன்று பிரஷ்கள், பழைய வெள்ளைத் துணிகள் ஒரு அடுக்கு. கறைபட்ட துணியைக் கவிழ்த்து வெள்ளைத் துணிமேல் போடுவார். பின்பக்கத்திலிருந்து மருந்தைவிட்டு ஒத்தி ஒத்தி எடுப்பார். கறை மெதுவாகக் கீழே இருக்கும் துணிக்கு இறங்கும். தேய்ப்பது என்ற வார்த்தை அந்த மேஜையில் கெட்ட வார்த்தை. ஒரு தடவை புதிதாக வந்த இஸ்திரிக்காரர் தெரியாத்தனமாக ஒரு காலரைத் தேய்த்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது இன்றைக்கும் கடையில் பேச்சு.

வீடு இரண்டே அறை. கணவர் போய்ச் சேர்ந்து பதினைந்து வருஷம். ஒரே மகள். அவளைப் படிக்க வைக்க அக்கா காலையில் கடையிலும் மாலையில் ஒரு ஓட்டலின் துணிக்கிடங்கிலும் நின்றார். கடைசி வருஷப் பரீட்சைக்கு நாலு மாதம் இருக்கும்போது அவள் படிப்பை விட்டுவிட்டு, கூடப் படித்தவனைக் கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போகிறேன் என்றாள். அக்காவுக்கு மூக்குக்குமேல் கோபம். வாய்க்கு வந்ததை எல்லாம் சொன்னார், கடைசியில், "போறதுன்னா போ. நான் செத்தாக்கூட உனக்குச் சொல்லி அனுப்ப மாட்டேன்" என்றார். மகளும் அம்மாவைக் கொண்டு பிறந்தவள். மறுபேச்சு பேசாமல் போனவள் போனவள்தான். நம்பரை மாற்றிவிட்டாள். ஆறு வருஷமாயிற்று.

அவள் போன அடுத்த வருஷம் முதலாளியின் மருமகன் வந்தார். கம்ப்யூட்டர்காரர். கையில் எப்போதும் ஏதாவது ஒரு யோசனை வைத்திருப்பவர், எதையும் பாதிவரைதான் செய்வார்.

"அக்கா, உங்க தலையில இருக்கிறதை எல்லாம் ஒரு வெப்சைட்ல போட்டா ஊருக்கே பிரயோஜனம். நம்ம கடைக்கும் விளம்பரம்."

"என் பேரை எல்லாம் போடாதீங்க. அக்கான்னு இருந்தா போதும்."

"கடை பேரையாவது போடலாமே."

"கடை பேரைப் போட்டா ஊர்ல இருக்கிற கறை எல்லாம் என் தலையிலதான் விழும்."

பக்கத்துக்கு "கறை நீக்கும் வழிகள்" என்று பெயர் வைத்தார் மருமகன். ஜனங்கள் இதைத்தான் தேடுவார்கள், பெயர் சப்பென்று இருந்தால்தான் நல்லது என்றார். கேள்வி கேட்க ஒரு இடம், அதற்குக் கீழே அக்காவின் பதில், அவ்வளவுதான். கேட்பவர் தன் மெயில் முகவரியைப் போட வேண்டும். அது வெளியே தெரியாது, அக்காவுக்கு மட்டும் தெரியும். பதில் மெயிலில் போகாது, கேட்டவர்தான் பக்கத்துக்குத் திரும்பி வந்து பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாம் செய்து கொடுத்துவிட்டு மருமகன் வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார். போகும்போது ஒரே ஒரு பாடம் சொன்னார்: "தினமும் தேடிப் பாருங்கக்கா. முதல்ல வருதா, சரி. வரலைன்னா எனக்கு எழுதுங்க."

அக்கா அதைக் கண்ணும் கருத்துமாகச் செய்தார். காலையில் பால் காய்வதற்குள் ஏழு கேள்விகளைத் தேடுவார். எண்ணெய்க் கறை போக என்ன செய்வது, இரும்புத் துரு போக, இரத்தக் கறை, மைக் கறை, இப்படி. ஏழுக்கும் அவர் பக்கம்தான் முதலில். பார்த்ததோடு விடமாட்டார். ஒவ்வொன்றையும் தொட்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவார். ஒரு வீட்டின் வாசல்வரை வந்து உள்ளே போகாமல் திரும்பினால் மரியாதை இல்லை என்று நினைப்போ என்னவோ.

கேள்விகள் வந்தன. கல்யாணப் பத்திரிகை அடுக்கின்மேல் கவிழ்ந்த டீ. அப்பாவின் ஒரே கோட்டில் விழுந்த மெழுகு. வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு இன்னும் இரண்டு மணி நேரம், சட்டையில் குழம்பு. ஜனங்கள் கறையை மட்டும் சொல்வதில்லை, கூடவே பாதிக் குடும்பத்தையும் சொல்வார்கள். அக்கா எல்லோருக்கும் எழுதினார். கடையில் நாள் முழுக்கப் பத்து வார்த்தை பேசாதவர், இங்கே பத்தி பத்தியாக எழுதினார்.

பிறகு ஒரு நாள் மதியம், சாப்பாட்டு வேளையில், ஒரு கேள்வி வந்தது. பெயர் "ஒரு அம்மா" என்றிருந்தது. பிள்ளைக்கு மூணு மாசம், தோள்மேல் போட்டுத் தட்டும்போது பால் கக்குகிறது, ரவிக்கைத் தோளெல்லாம் மஞ்சளாகிவிட்டது, என்ன செய்யலாம் அக்கா என்று இருந்தது. அக்கா மெயில் முகவரியைப் பார்த்தார். கல்லூரி விண்ணப்பத்துக்காக ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மகளோடு வரிசையில் நின்று வாங்கிய முகவரி. வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர், அதோடு பிறந்த வருஷம்.

அன்று இஸ்திரிக்காரர் அக்காவைப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு அக்கா பாட்டில்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். தனக்கு ஒரு பேரப்பிள்ளை இருக்கிறது, அதற்கு மூணு மாசம், அது பால் கக்குகிறது. யாரிடம் போய்ச் சொல்வது. சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

பதில் எழுதினார். பச்சைத் தண்ணீரில் முதலில் ஊறவை, வெந்நீர் கூடாது, என்பது மாதிரி. வேறு எதுவும் எழுதவில்லை. நான்தான் அம்மா என்று ஒரு வார்த்தை எழுதினால் அவள் ஓடிவிடுவாள் என்று பயம். மறுநாள் கீழே ஒரு வரி வந்தது: "போயிடுச்சு. ரொம்ப நன்றிக்கா." அக்கா அந்த வரியை எத்தனை தடவை படித்தார் என்று கேட்காதீர்கள்.

அதற்கப்புறம் பேத்தியை அவர் கறைகளில்தான் பார்த்தார். ஏழு மாதத்தில் இரும்புச் சத்துச் சொட்டு மருந்து, பிள்ளைக்குக் கழுத்தில் கட்டும் துணியில் பழுப்பாக. பிள்ளைக்கு இரத்தம் குறைவோ என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு கவுனில் புல் கறை, முட்டி பக்கம். நடக்கிறாள், விழுகிறாள். கவுன் என்றதும் பெண் பிள்ளை என்று தெரிந்தது. பிறகு ஒரு கேள்வி: இரண்டாவது பிறந்தநாள் கவுனில் பேனா மை. அப்பா பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டாள், ஊதா நிறக் கவுன், நானே தைத்தது, எப்படியாவது காப்பாற்றுங்கக்கா.

அக்கா ஸ்பிரிட்டைப் பற்றி எழுதினார், பஞ்சைப் பற்றி எழுதினார், கவிழ்த்துப் போட்டு ஒத்தச் சொன்னார். கடைசியில், "தேய்த்துவிடாதே. உனக்கு எப்போதும் அவசரம்" என்று எழுதி, பதிலைப் போட்டுவிட்டார்.

சாயங்காலம் கடை முடிந்துதான் அதைத் திரும்பப் படித்தார். இருபது வருஷம் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்ன வார்த்தை. பள்ளிக்கூடப் பை, தலைவாரல், தோசைத் திருப்பல், எல்லாவற்றுக்கும் சொன்ன வார்த்தை. யாரோ ஒரு அக்காவுக்கு அது எப்படித் தெரியும். அந்த வரியை எடுத்துவிட்டார். எடுப்பதற்குள் ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது.

அதன்பிறகு மகளிடமிருந்து எதுவும் வரவில்லை. நன்றிகூட வரவில்லை. ஒரு வாரம், ஒரு மாதம், ஒன்பது மாதம். மற்றவர்களின் கேள்விகளும் குறைந்துகொண்டே வந்து அநேகமாக நின்றுவிட்டன. அதற்கு அக்கா ஒரு சமாதானம் வைத்திருந்தார். கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுவிட்டார்கள், நானும் எல்லாவற்றுக்கும் எழுதிவிட்டேன், வருகிறவர்கள் படித்துவிட்டுப் பேசாமல் போகிறார்கள். பக்கம் முதலில்தானே வருகிறது, தினமும் பார்க்கிறேனே. ஆனால் மகள் விஷயத்தில் அந்தச் சமாதானம் ஒத்துவரவில்லை. பிள்ளை வளர வளரக் கறை கூடும், குறையாது. அவள் தேடியிருப்பாள். தேடினால் முதலில் தெரிவது அம்மாதான். தெரிந்துகொண்டு, தாண்டிப் போகிறாள். ஏழு கேள்வியிலும் முதலில் நிற்பது ஒவ்வொரு காலையும் அவருக்குக் கன்னத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. இருந்தும் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை. வீட்டில் பேச்சுத் துணைக்கு ரேடியோ ஓடும். அது பாட்டுக்கு ஓடும், இவர் பாட்டுக்கு இருப்பார்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். விளம்பரக் கம்பெனியில் வேலை என்று கழுத்தில் தொங்கிய அட்டை சொன்னது. வெளிர் நிறக் கோட்டு ஒன்றை மேஜைமேல் வைத்தாள். மார்புப் பக்கம் காப்பிக் கறை, அதைச் சுற்றி நிறமே வெளுத்து ஒரு வட்டம். அக்காவை முன்பக்கம் கூப்பிட்டார்கள்.

"இதுல என்ன போட்டீங்க?"

"சோடா உப்பு, வினிகர். போட்டுத் தேய்க்கச் சொல்லியிருந்துச்சு."

"யாரு சொன்னது?"

"நெட்லதான். தேடினா முதல்ல வந்துச்சு."

அக்காவுக்குச் சுருக்கென்றது. "முதல்ல வர்றதுல அப்படி எழுதியிருக்காதே."

"நான் ஏன் பொய் சொல்லப் போறேன். பாருங்க."

அவள் தன் போனில் தேடிக் காட்டினாள். மேலே ஒரு பெரிய கட்டத்தில் பதில் மாதிரி ஏதோ இருந்தது. அதன்கீழே சோப்புத் தூள் விற்கும் கம்பெனி, அதன்கீழே ஒரு பத்திரிகை, அதன்கீழே இன்னொரு கம்பெனி. அக்கா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கீழே கீழே தள்ளினார். முதல் பக்கத்தில் இல்லை. இரண்டாவதில் இல்லை. ஆறாவதும் முடிந்தது. சல்லடை போட்டுத் தேடியும் இல்லை. தன் போனை எடுத்து அதே வார்த்தைகளைத் தட்டினார். முதலில் அவர் பக்கம். இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"உங்க போன் கெட்டுப்போயிருக்கு போல" என்றார் அக்கா.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. நல்ல பெண். "இல்லக்கா. இந்தப் பக்கத்தை நீங்க அடிக்கடி பார்ப்பீங்களா?"

"தினமும். ஏழு தடவை."

"அதான். நீங்க எப்பவும் இதைத்தான் தொடுறீங்க, உங்களுக்கு இதுதான் பிடிக்கும்னு அது புரிஞ்சு வெச்சிருக்கு. உங்களுக்கு மட்டும் முதல்ல காட்டுது. மத்தவங்களுக்கு அப்படி இல்ல."

"எத்தனை நாளா?"

"பெரிய மாத்தம் ஒண்ணு பண்ணாங்க, ஒன்பது, பத்து மாசம் இருக்கும். எதை மேல காட்டுறது, எதைக் கீழ தள்ளுறதுன்னு அவங்க போடுற கணக்கையே மாத்திட்டாங்க. அல்காரிதம்னு சொல்வோம். எங்க ஆபீஸ்ல ஒரு மாசம் யாரும் தூங்கலை. சின்னச் சின்ன சைட் எல்லாம் காணாமப் போச்சு." அவள் அக்காவின் போனை வாங்கிப் பக்கத்தை மேலும் கீழும் பார்த்தாள். "இதுல யார் எழுதுறாங்கன்னே இல்லையே. பேர் இல்ல, படம் இல்ல, எந்த ஊர், என்ன அனுபவம், எதுவுமே இல்ல. இப்ப அதையெல்லாம்தான் பார்க்குறாங்க. சொல்றவங்க யாருன்னு தெரியலைன்னா நம்ப மாட்டேங்குது."

"பேர் போட்டா திரும்ப வருமா?"

"வரலாம். ஆறு மாசம் ஆகும், ஒரு வருஷம்கூட ஆகலாம். ஆனா அது இல்லாம வராது." பிறகு அவள், "இது உங்களோடதா?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சவங்களோடது" என்றார் அக்கா. கோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய், சீட்டு எழுதினார்.

ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். ஒன்பது, பத்து மாசம் என்றால் அந்த ஊதாக் கவுன் வந்த சமயம். அப்படியானால் அவள் கேட்டிருக்கிறாள், பதில் பார்க்கத் தேடியிருக்கிறாள், பக்கமே வந்திருக்காது. அந்த வரியை அவள் படிக்கவே இல்லையோ. ஒன்பது மாதமாகத் தன்னையே திட்டிக்கொண்டது எல்லாம் வீணோ. ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுத்த நிமிஷம், ஒன்பது மாதமாக ஆள் இல்லாத வீட்டில் நான்தான் கதவைத் தட்டி நானே திறந்திருக்கிறேன் என்று தோன்றியது. அக்கா அழுகிற ரகம் இல்லை. அன்றைக்கு அழுதார். பாட்டில் நெடி என்று இஸ்திரிக்காரரிடம் சொன்னார்.

இரண்டு வழி இருந்தது. மகளின் மெயில் முகவரி கையில் இருக்கிறது. அக்காவாகவே எழுதலாம். தங்கச்சி, நம் பக்கம் இப்போது தேடலில் வருவதில்லை, முகவரி இதுதான், குறித்து வைத்துக்கொள். அதை எழுதியும் விட்டார், அனுப்பவில்லை. பத்திரமான வழி. அவள் வருவாள், கேட்பாள், இவர் சொல்வார், பிள்ளை பள்ளிக்கூடம் போவது சாக்பீஸிலும் சேற்றிலும் தெரியவரும். ஆனால் அக்காவாகப் போனால் எத்தனை வருஷம் ஆனாலும் அவள் கறையை மட்டும்தான் கேட்பாள். பிள்ளைக்குப் பெயர் என்ன என்று இன்றுவரை தெரியாது. கறைக்குப் பெயர் தேவைப்படுவதில்லை.

இன்னொரு வழி, அந்தப் பெண் சொன்னது. பெயரையும் படத்தையும் போடுவது. போட்டால் ஒருநாள் இல்லை ஒருநாள் ஊர் முழுக்கப் பார்க்கும், மகளும் பார்ப்பாள். யாரோ ஒரு பக்கத்தைத் திறந்து அம்மா முகத்தில் போய் முட்டுவாள். ஊருக்குச் சொல்வதற்குமுன் அவளிடம் சொல்லிவிட வேண்டும். இது வீம்பு இல்லை, நியாயம் என்று அக்கா தனக்குத்தானே நாலு நாள் எடுத்துச் சொன்னார். கறை போகாது என்று ஆயிரம் பேருக்குச் சீட்டு எழுதிய கைக்கு இதை எழுத நாலு நாள் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை அனுப்பினார். "கறைக்குப் பதில் எழுதிய அக்கா நான்தான். அம்மா. முதல் கேள்வியிலேயே உன்னைத் தெரிந்துவிட்டது, சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டாய் என்று பயந்தேன். அன்றைக்குப் பேசியது தப்பு. இப்போது அந்தப் பக்கம் யாருக்கும் தெரிவதில்லையாம். என் பேரைப் போட்டால் தெரியும் என்கிறார்கள். அதற்குமுன் உன்னிடம் சொல்கிறேன்."

பதில் புதன்கிழமை வந்தது, கடைக்குக் கிளம்பும் நேரத்தில். அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றபடியே படித்தார்.

"படிச்சதும் கோபம்தான் வந்துச்சும்மா. என் பிள்ளையைப் பத்தி எல்லாத்தையும் ஒளிஞ்சு நின்னு தெரிஞ்சுக்கிட்டே. எனக்கு உன்னைப் பத்தி ஒண்ணுமே தெரியாது, நீ இருக்கியா இல்லையான்னுகூட. சொல்லி அனுப்ப மாட்டேன்னு சொன்னவதானே நீ. சாமான் வாங்கப் போற இடத்துல எல்லாம் உன் வயசுப் பொம்பளைங்களைப் பார்த்தா நின்னு பார்ப்பேன். கவுன் விஷயம் கேட்டுட்டு மறுநாள் தேடினேன். வரலை. ஒரு வாரம் தேடினேன். சைட் பேரெல்லாம் ஒரே மாதிரி இருக்கு, எதுன்னு கண்டுபிடிக்க முடியலை. அந்த அக்காகூட விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு நினைச்சேன். பேசணும்னு இன்னும் தோணலை. நீ எழுதினா படிக்கிறேன். கவுனுக்கு இனிமே ஒண்ணும் செய்ய வேண்டாம். அது அவளுக்குச் சின்னதாப் போச்சு."

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கடை திறந்திருக்கும். ஜன்னலோரம் துணி குவிந்திருக்கும். சின்னதாகப் போன துணிக்கு எந்தப் பாட்டிலும் கிடையாது.

கடைசி வரியை மறுபடி படித்துவிட்டு, ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். "எவ்வளவு உயரம் இருக்கிறாள்? பேர் என்ன?"